ஃபால்மவுத்திலிருந்து ஹாம்பிள் வரை: இலையுதிர் காலத்தில் இருவராகப் படகை ஊர் சேர்க்க ஒரு வழிகாட்டி

கோடையில் கார்ன்வால் பக்கம் கொண்டுபோன பாய்மரப் படகை செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ சொலண்ட் நீரிணைக்குத் திருப்பிக் கொண்டுவரும் தம்பதிகள் இங்கிலாந்தின் தென்கரையில் ஆண்டுதோறும் உண்டு. ஃபால்மவுத்திலிருந்து ஹாம்பிள் ஆறு வரை, துறைமுகம் துறைமுகமாக வந்தால் 180 முதல் 190 கடல் மைல். 9, 10 மீட்டர் நீளமுள்ள குடும்பப் படகு சராசரியாக 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் போகும் என்று வைத்தால் ஆறு பகல் பயணம். அதற்கு 14 நாள் ஒதுக்குங்கள். மீதி 8 நாளும் காற்றுக்கும் ஓதத்துக்கும் (கடல்நீர் ஏறி வற்றுவதற்கும்) சேர வேண்டியவை.

ஒருவராவது பிரிட்டனின் படகோட்டிகள் சங்கமான ஆர்.ஒய்.ஏ.வின் டே ஸ்கிப்பர் (பகல் பயணப் படகோட்டி) பயிற்சியை முடித்திருக்கிறார், இருவருக்கும் வி.எச்.எஃப். ரேடியோ உரிமம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே இது எழுதப்படுகிறது. ரேடியோ உரிமம் ஒருவருக்கு மட்டும் இருந்தால் போதாது. கடலில் விழுந்தவர் அவராக இருந்தால் என்ன செய்வது?

திரும்பும் தேதியை முதலில் கைவிடுங்கள்

இந்தப் பயணத்தில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை "திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும்" என்ற நினைப்பில் பிறக்கின்றன. மாலுமிக் கலை தெரியாததால் நேர்பவை குறைவு. ஆகவே கிளம்பும் முன்பே, படகை நடுவழியில் விட்டுவிட்டு ரயிலேறும் இடங்களைக் குறித்து வையுங்கள். ஃபால்மவுத், பிளிமத், வேமவுத், பூல், லிமிங்டன் ஆகிய ஊர்களில் ரயில் நிலையம் உண்டு. ஃபோய் துறையிலிருந்து பார் நிலையம் பக்கம். டார்ட்மவுத்தில் ரயில் இல்லை, டாட்னஸ் அல்லது பெயின்டன் போக வேண்டும். ஒரு வாரம் மரினாவில் (கட்டணப் படகுத்துறையில்) விட்டு வைக்க ஆகும் கட்டணத்தை முதலிலேயே செலவுக் கணக்கில் எழுதிவிட்டால், அந்த முடிவை எடுக்கும்போது மனம் தயங்காது.

படகுக் காப்பீட்டையும் எடுத்துப் படியுங்கள். சில ஒப்பந்தங்களில் படகு நீரில் ஓடலாம் என்ற காலம் அக்டோபர் கடைசியோடு முடிகிறது. தாமதமானால் நீட்டித்துத் தரச் சொல்லி முன்பே எழுதிக் கேளுங்கள்.

நாள் பார்ப்பது எப்படி

இலையுதிர் காலத்தில் இரண்டு கணக்கு முக்கியம். ஒன்று பகல் நீளம். தென்கரையில் செப்டம்பர் 22 வாக்கில் 12 மணி நேரமாக இருக்கும் பகல், நாளுக்கு ஏறக்குறைய மூன்றரை நிமிடம் தேய்ந்து, அக்டோபர் நடுவில் 11 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் மாதக் கடைசியில் 10 மணி நேரத்துக்கும் கீழாகவும் வந்துவிடும். அக்டோபரின் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். ஓத அட்டவணைகள் பொதுவாக உலக நேரத்தில் (கிரீன்விச் நேரத்தில்) அச்சாகின்றன. அந்த ஞாயிறு வரை ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும், அதன்பின் கூட்டக் கூடாது. பயணத்தின் நடுவில் இந்த மாற்றம் வந்தால் ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் எந்த நேரம் என்று எழுதுங்கள்.

மற்றொன்று ஓதம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாள் கழித்துப் பெரிய ஓதம், அஷ்டமிக்கு ஓரிரு நாள் கழித்துச் சிறிய ஓதம். பகலும் இரவும் சமமாகும் காலத்தை ஒட்டி வரும் பெரிய ஓதங்கள் ஆண்டிலேயே மிகப் பெரியவை. நம் காலண்டரில் மகாளய அமாவாசையும் அதற்கு முன்பின் வரும் பௌர்ணமிகளும் அந்தக் காலத்தில்தான் விழுகின்றன. அந்த நாட்களில் முனைகளைச் சுற்றாமல் ஆற்றுக்குள் கிடப்பது நல்லது. பிளிமத்தில் பெரிய ஓதத்தன்று நீர் 4.7 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும், போர்ட்லண்டில் வெறும் 2 மீட்டர்தான். ஏற்றம் குறைவென்றால் ஓட்டமும் குறைவாக இருக்கும் என்று புதியவர்கள் எண்ணுகிறார்கள். நேர்மாறு: அந்த 2 மீட்டர் போர்ட்லண்ட் முனையில் 7 நாட் ஓட்டமாகப் பாயும். 5 நாட் போகும் படகு அதை எதிர்த்தால் பின்னால்தான் போகும்.

தென்கரையின் எல்லாக் கணக்கும் டோவர் துறையின் உச்ச ஏற்ற நேரத்தை வைத்துச் சொல்லப்படுகிறது. ஒரு துறையில் பெரிய ஓதத்தின் உச்சம் எப்போதும் நாளின் ஏறத்தாழ ஒரே வேளையில் வரும். டோவரில் அது நண்பகலும் நள்ளிரவும். சிறிய ஓதத்தின் உச்சம் காலை 6 மணியையும் மாலை 6 மணியையும் ஒட்டி வரும். இதை மனத்தில் வைத்தால், எந்தத் திதியில் எந்த முனையைப் பகலில் சுற்ற முடியும் என்று அட்டவணையைத் திறக்காமலே தோராயமாகச் சொல்லிவிடலாம்.

எந்தக் காற்றில் கிளம்புவது

இங்கே மேலைக் காற்றே அதிகம். கிழக்கு நோக்கி வருவதால் காற்று முதுகில் தள்ளும். கிழக்கே போகும் நீரோட்டத்தோடு மேலைக் காற்று சேர்ந்தால் கடல் ஓரளவு படிந்திருக்கும். கீழைக் காற்றானால் நீரும் காற்றும் ஒன்றை ஒன்று எதிர்க்கும், அலை செங்குத்தாக எழும். ஐரோப்பிய நிலப்பரப்பின் மேல் உயர் அழுத்தம் நிலைத்துக் கீழைக் காற்று நாள்கணக்கில் அடித்தால் எஞ்சினைப் போட்டுக் குத்திக்கொண்டு வராதீர்கள். காத்திருங்கள்.

அட்லாண்டிக்கிலிருந்து தாழ்வழுத்தம் வரும் முறை பெரும்பாலும் இப்படி: பாரோமீட்டர் இறங்கும், காற்று தெற்குக்கும் தென்மேற்குக்கும் வந்து பலக்கும், மழை பிடிக்கும். குளிர் முகப்பு (பின்னால் வரும் குளிர்காற்றின் முன் விளிம்பு) கடந்ததும் காற்று வடமேற்குக்குத் திரும்பி, வானம் தெளிந்து, அழுத்தம் ஏறும். வடமேற்குக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் அலை குறைவு. நீங்கள் கிளம்ப வேண்டிய நேரம் அதுதான். உடனே கிளம்பாதீர்கள், முகப்பு போய் ஒரு நாளாவது ஆகட்டும். காற்று தணிந்தாலும் தென்மேற்கிலிருந்து நீண்ட உருள் அலை வந்துகொண்டே இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் வெப்பமண்டலப் புயல்களின் மிச்சம் அனுப்பும் உருள் அலை, காற்றே இல்லாத நாளிலும் மணல்திட்டுள்ள ஆற்று வாய்களில் உடைந்து விழும்.

வானிலை அலுவலகத்தின் கரையோர அறிக்கையில் சில சொற்களுக்குத் திட்டமான பொருள் உண்டு. எச்சரிக்கையில் 'இம்மினென்ட்' என்றால் 6 மணி நேரத்துக்குள், 'சூன்' என்றால் 6 முதல் 12, 'லேட்டர்' என்றால் 12 மணி நேரத்துக்குப் பின். சொல்லப்படும் வேகம் சராசரி, வீச்சு அதைவிட மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாக வரும். புதிய இருவருக்கு எங்கள் வரம்பு: காற்று பின்னாலிருந்தால் பியூஃபோர்ட் காற்று அளவுகோலில் 5, முன்னாலிருந்தால் 4. "சில வேளை 6" என்று அறிக்கையில் ஒரு சொல் இருந்தாலும் அன்று துறையிலேயே இருங்கள். கடலில் மணிக்கொரு முறை பாரோமீட்டரைக் குறியுங்கள். 3 மணி நேரத்தில் 3 மில்லிபாருக்கு மேல் இறங்கினால் அறிக்கை என்ன சொன்னாலும் அருகிலுள்ள துறைக்குத் திரும்புங்கள்.

மூடுபனியைப் பற்றி ஒன்று. தென்கரைக் கடல்பனி வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும்தான் அதிகம். இலையுதிர் காலத்தில் பனி ஆற்றில் பிறக்கும். தெளிந்த, காற்றில்லாத இரவுக்குப் பின் டார்ட், ஃபால் ஆறுகளில் விடியலில் கையெட்டும் தூரம் தெரியாது. காலை ஏறியதும் கலைந்துவிடும். விடியலில் கிளம்பும் திட்டத்தில் இதற்கு இரண்டு மணி நேரம் விடுங்கள்.

படகில் பார்க்க வேண்டியவை

பாய், கயிறு, விளக்கு எல்லாவற்றையும் பார்ப்பீர்கள். இந்தப் பருவத்தில் படகைக் கவிழ்க்காமல் காரியத்தைக் கெடுப்பது எஞ்சின்தான். கோடையெல்லாம் அமைதியாக இருந்த டீசல் தொட்டியின் அடியில் தண்ணீரும் கசடும் தங்கியிருக்கும். முதல் பெரிய அலையில் அது கலங்கி வடிகட்டியை அடைக்கும். எஞ்சின் வேகம் ஏறி இறங்கித் திணறி நிற்கும், பெரும்பாலும் துறைமுக வாயில்தான். கிளம்பும் முன் முதல் வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள், வடிகட்டியை மாற்றுங்கள், மேலும் இரண்டு உதிரி வையுங்கள். மாற்றியபின் காற்றை வெளியேற்றும் திருகு எது, கைப்பம்பு எங்கே என்பதை இருவரும் ஒருமுறை செய்து பாருங்கள். தொட்டியை நிரப்பியே வையுங்கள். 20 குதிரைத்திறன் எஞ்சின் 5 நாட்டில் மணிக்கு ஏறக்குறைய 2 லிட்டர் குடிக்கும்.

அடுத்தது எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர் பம்பின் ரப்பர் சக்கரம். இலையுதிர் காலப் புயல் கடற்பாசியைப் பிடுங்கி மிதக்கவிடும், அது நீர் உறிஞ்சும் வாயை அடைத்தால் சக்கரம் காய்ந்து இதழ் உதிரும். புகைக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று எஞ்சின் போட்டதும் எட்டிப் பாருங்கள். வரவில்லையென்றால் உடனே நிறுத்தி, கடல்நீர் வால்வை மூடி, பிறகுதான் பம்பைத் திறக்க வேண்டும். உடைந்த இதழ்கள் அத்தனையும் கைக்கு வந்ததா என்று எண்ணுங்கள். ஒன்று குழாயில் தங்கினாலும் எஞ்சின் மறுபடி சூடேறும்.

சூரியத் தகடு கோடையில் தந்த மின்சாரத்தைத் தராது. தானியங்கிச் சுக்கான் மணிக்கு 3, 4 ஆம்பியர்-மணி எடுக்கும். 110 ஆம்பியர்-மணி ஈய மின்கலத்தில் பாதியைத்தான் நம்பலாம். இரவில் கதவை மூடிக்கொண்டு ஹீட்டரோ அடுப்போ போடுவதால் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும்.

சாப்பாட்டுக்கு மூடி பூட்டும் பிரஷர் குக்கர் படகில் மிக நல்ல பாத்திரம், கவிழ்ந்தாலும் சிந்தாது. முதல் நாளே கிளறிய புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் குளிர்ப்பெட்டி இல்லாமல் ஒரு நாள் தாங்கும், ஒரு கையால் சாப்பிடலாம். கடல்நோய்க்கு மாத்திரை போடுபவர் கிளம்ப 2 மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் வந்தபின் பயனில்லை. தூக்கம் வரவழைக்கும் மாத்திரையா என்று வீட்டில் ஒரு நாள் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இருவர் என்றால் பெரும்பாலும் ஒருவர்

ஒருவர் தூங்குவார், சமைப்பார், அல்லது கடல்நோயில் கிடப்பார். மேலே இருப்பவர் தனியாள். ஆகவே இருவரில் எவரும் தனியாகப் பாயைக் குறைக்க, எஞ்சினைப் போட, ரேடியோவில் பேச, படகைக் கட்டத் தெரிந்திருக்க வேண்டும். "அது அவர் வேலை" என்று எதுவும் இருக்கக் கூடாது. கிளம்புவதற்கு முன் ஒரு நாள் துறைமுகத்துக்குள்ளேயே வேலைகளை மாற்றிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். கணவனே சுக்கானில், மனைவியே கயிற்றில் என்று பழகிப்போன படகுகளில் இந்த ஒரு நாள் பல குறைகளைக் காட்டிவிடும்.

முதுகுக் காற்று ஏமாற்றும். 20 நாட் காற்றில் 6 நாட் ஓடும் படகில் நிற்பவருக்கு 14 நாட்தான் தெரியும். இதமாக இருக்கிறது என்று முழுப் பாயோடு ஓடி, திரும்ப வேண்டிய இடத்தில் 20 நாட் காற்றும் ஒரேயடியாகத் தாக்கும்போதுதான் தெரியவரும். உண்மைக் காற்று 15, 16 நாட் வந்தவுடன் பெரிய பாயில் முதல் மடிப்பைப் போடுங்கள்.

பெரிய பாயின் அடிக்கட்டையான பூம், காற்று பின்பக்கம் மாறியதும் தானாக மறுபக்கம் பாய்வதுதான் இந்தத் திசையில் மிகப் பெரிய ஆபத்து. தடுப்புக் கயிறு இப்படிக் கட்டுங்கள்: பூமின் கடைக்கோடியில் ஒரு நைலான் கயிறு, அது மூக்கிலுள்ள கப்பி வழியே போய்ப் பின்னால் காக்பிட்டுக்கு (படகோட்டி உட்காரும் பள்ளத்துக்கு) வந்து ஒரு வின்ச்சில் (கயிறு இறுக்கும் உருளையில்) முடிய வேண்டும். பூமின் நடுவில் கட்டினால், பாய் எதிர்ப்பக்கம் காற்று வாங்கும்போது பூம் அங்கேயே முறியும். முனை காக்பிட்டில் இருப்பது அவிழ்ப்பதற்காக: அவசரத்தில் முன்தளத்துக்கு ஓட ஆளில்லை.

மேலே தனியாக இருப்பவர், இரவில் இருவரும், படியேறும்போதே பாதுகாப்புக் கயிற்றைக் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். அக்டோபரில் கடல் 15 டிகிரி வாக்கில் இருக்கும். விழுந்தவருக்கு முதல் நிமிடங்களில் மூச்சு திணறும், விரைவிலேயே விரல்கள் மடங்காமல் போகும், கயிற்றைப் பிடிக்க முடியாது. படகில் மிஞ்சியவர் செய்ய வேண்டியவை, வரிசை மாறாமல்:

1. மிதவை வளையத்தை எறிந்து, ஜி.பி.எஸ்.ஸில் ஆள் விழுந்த பொத்தானை அழுத்துங்கள்.
2. தடுப்புக் கயிற்றை அவிழ்த்து, முன்பாயைத் தளர்த்தாமல் படகைக் காற்றுக்குக் குறுக்கே திருப்புங்கள். முன்பாய் எதிர்க்காற்று வாங்கிப் படகு நிற்கும். தூரம் கூடாமல் இருப்பதே பாதி உயிர்.
3. ரேடியோவின் சிவப்புப் பொத்தானை 5 வினாடி அழுத்திப் பிடித்து, 16ஆம் சேனலில் மேடே (உயிராபத்து அழைப்பு) சொல்லுங்கள். "முதலில் தேடிப் பார்ப்போம்" வேண்டாம். பிறகு ரத்து செய்துகொள்ளலாம்.
4. தண்ணீரில் கயிறு எதுவும் தொங்கவில்லை என்று சுற்றிப் பார்த்தபின்தான் எஞ்சினைக் கியரில் போடுங்கள். முன்பாயைச் சுருட்டுங்கள்.
5. விழுந்தவருக்குக் காற்று வரும் பக்கமாக நிறுத்தி, கியரை எடுத்துவிட்டு, படகு அவரை நோக்கி ஒதுங்க விடுங்கள்.
6. நான்கு மடங்கு இழுக்கும் கப்பித் தொகுதியை, பாயேற்றும் கயிற்றால் இரண்டரை மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, கீழ்க்கொக்கியை அவருடைய மிதவைச் சட்டை வளையத்தில் மாட்டி, வின்ச்சால் தூக்குங்கள்.

ஆறாவதைக் கரையில் ஒத்திகை பார்க்காதவர்களால் கடலில் செய்ய முடிவதில்லை. நனைந்த உடையோடு 80 கிலோ ஆளைக் கையால் தூக்க எவராலும் ஆகாது. பான்டூனில் (படகு கட்டும் மிதக்கும் மேடையில்) ஒருவர் மிதவைச் சட்டையோடு உட்கார, மற்றவர் கப்பியால் தூக்கிப் பாருங்கள். கப்பித் தொகுதியின் கயிறு போதவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

கட்டம் கட்டமாக

ஃபால்மவுத்திலிருந்து ஃபோய் 20 மைல். நடுவில் டாட்மன் முனை, 2 மைல் விலகிப் போங்கள். ஃபோய் ஆழமான வாய், எந்த ஓதத்திலும் நுழையலாம். முதல் நாளுக்கு இது போதும்.

ஃபோயிலிருந்து சால்கம் ஏறக்குறைய 36 மைல். நீளம் அதிகமென்றால் பிளிமத்தில் தங்குங்கள். சால்கம் வாயிலில் மணல்திட்டு உண்டு. பலமான தெற்குக் காற்றிலோ உருள் அலையிலோ, நீர் வற்றும்போது அதில் நுழையவே கூடாது. சந்தேகமிருந்தால் ஸ்டார்ட் பாயிண்டைச் சுற்றி டார்ட்மவுத் போய்விடுங்கள், அங்கே எப்போதும் நுழையலாம். ஸ்டார்ட் முனையின் கொந்தளிப்பு ஒரு மைல் வரை நீளும், 2 மைல் விலகுங்கள். இந்தப் பகுதியில் நண்டுப்பொறிக் கயிறுகள் அதிகம். கறுப்புக் கொடியும் நிறமிழந்த பிளாஸ்டிக் கேனும் அலையில் கடைசி நொடியில்தான் கண்ணில் படும். இங்கே கரையோரமாக இரவில் எஞ்சின் ஓட்டாதீர்கள்.

அடுத்ததுதான் இந்தப் பயணத்தின் கதவு. டார்ட்மவுத்திலிருந்து வேமவுத் 50 மைலுக்கு மேல், லைம் வளைகுடாவைக் குறுக்காக வெட்டி வர வேண்டும். காற்று தெற்கிலோ தென்மேற்கிலோ பலத்தால் நடுவில் ஒதுங்க இடமில்லை. கிழக்கு ஓரத்தில் 29 கிலோமீட்டர் நீளமுள்ள செசில் கற்கரை கிடக்கிறது. அதன் கடைசியில் போர்ட்லண்ட் தீவு, தீவின் தென்முனைதான் போர்ட்லண்ட் பில்.

அந்த முனையின் தெற்கே வெள்ளையாக உடைந்து நிற்கும் கொந்தளிப்பைச் சிறுபடகுகள் எந்த நிலையிலும் தொடக் கூடாது. தப்ப இரண்டு வழி. வெளிவழி, முனைக்குத் தெற்கே 5 மைல் விலகிப் போவது. உள்வழி, கரைக்கும் கொந்தளிப்புக்கும் இடையே கரையிலிருந்து 200 முதல் 500 மீட்டருக்குள் இருக்கும் அமைதியான நீர்ப்பட்டை. கிழக்கே வருபவருக்கு உள்வழி திறக்கும் நேரம் டோவர் உச்ச ஏற்றத்துக்கு 5 மணி நேரத்துக்குப் பின். மூடும் நேரம் அடுத்த உச்ச ஏற்றத்துக்கு 4 மணி நேரம் முன். நேராக முனையைக் குறிவைக்காதீர்கள். முனைக்கு வடக்கே 2 மைலாவது இருக்கும்போதே தீவின் மேற்குக் கரையை நெருங்கி, தெற்கே போகும் ஓட்டத்தோடு இறங்குங்கள். கலங்கரை விளக்கத்தை வலம் வராமல் இடப்பக்கமாக ஒட்டிச் சுற்றியதும், கீழ்க்கரையில் வடக்கே போகும் ஓட்டம் உங்களைக் கொந்தளிப்பிலிருந்து விலக்கிக் கொண்டுபோகும். பெரிய ஓத நாளிலோ, இருட்டிலோ, காற்று 4ஐத் தாண்டினாலோ உள்வழி இல்லை.

இப்போது நாள் கணக்கு. சிறிய ஓதத்தன்று டோவர் உச்சம் காலை 5.45 என்று வைத்தால் (உலக நேரம்) கதவு கோடை நேரப்படி முற்பகல் 11.45 வாக்கில் திறந்து 3 மணி வாக்கில் மூடும். டார்ட்மவுத்திலிருந்து 10 மணி நேரம் என்பதால் அதிகாலை 2 மணிக்குக் கிளம்ப வேண்டும். இருட்டில் ஐந்து மணி நேரம் திறந்த கடலில், முனையில் நல்ல வெளிச்சம். இரவு வேண்டாம் என்பவர்கள் சிறிய ஓதம் கழிந்து இரண்டு, மூன்று நாள் பொறுக்கட்டும். டோவர் உச்சம் 8.30க்கு நகர்ந்திருக்கும், கதவு பிற்பகல் 2.30 முதல் 5.45 வரை. காலை 6 மணிக்குக் கிளம்பி 4 மணிக்கு முனைக்கு வரலாம். ஓட்டம் கொஞ்சம் கூடியிருக்கும், ஆனால் தூங்கி எழுந்த இருவர் வருகிறார்கள். முதல் தடவைக்கு எங்கள் பரிந்துரை இது. மதியம் 12 மணிக்குப் பாதி தூரம் கடக்கவில்லையென்றால் எஞ்சினைப் போடுங்கள். 5 மணிக்குள் முனைக்கு வர முடியாதென்று தெரிந்தால் உள்வழியை மறந்து, வெளிவழிக்குத் திசை மாற்றுங்கள். வளைகுடாவின் முதல் பாதியில் காற்று கெட்டால் திரும்புவதற்கு பிரிக்சம் இருக்கிறது, மேலைக் காற்றுக்கு அது நல்ல மறைவு.

வேமவுத்திலிருந்து பூல் 27 மைல் வாக்கில். லல்வர்த் ராணுவச் சுடுதளம் கடலுக்குள் 6 மைலும் சில நாள் அதற்கு மேலும் நீளும். வாரநாள்களில் சுடுவார்கள், அட்டவணை முன்பே வெளியாகும். வார இறுதியில் பெரும்பாலும் சுடுவதில்லை என்பதால் இந்தக் கட்டத்தை சனி, ஞாயிறில் வையுங்கள். செயின்ட் ஆல்பன்ஸ் முனையின் கொந்தளிப்பை 3 மைல் வெளியே விலகிக் கடக்கலாம். கரையை ஒட்டிய வழி மிகக் குறுகியது, புதியவர்களுக்கு வேண்டாம். பூல் வாயிலில் சங்கிலிப் படகு கரைக்குக் கரை ஓடும். அது நகரும்போது முன்னால் குறுக்கிடாதீர்கள்.

பூலிலிருந்து ஹாம்பிள் 35 மைல் வாக்கில். சொலண்டின் மேற்கு வாயில் ஹர்ஸ்ட் இடுக்கு, ஓட்டம் 4 நாட்டுக்கு மேல். உள்ளே போகும் ஓட்டம் போர்ட்ஸ்மவுத் உச்ச ஏற்றத்துக்கு 5 மணி நேரத்துக்குப் பின் தொடங்கி, அடுத்த உச்சத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்வரை இருக்கும். அதன் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் நீடில்ஸ் பாறைக்கு வரும்படி கிளம்புங்கள். தென்மேற்குக் காற்று பலமாக இருக்க, நீர் வெளியே பாய்ந்தால் ஷிங்கிள்ஸ் திட்டின் ஓரத்தில் அலை உடையும். அப்படிப்பட்ட நாளில் பூலிலேயே இருங்கள். உள்ளே வந்தபின், கால்ஷாட் அருகே பெரிய கப்பல்களைக் கவனியுங்கள். 150 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலுக்கு முன்னால் 1000 மீட்டரும் இருபக்கம் 100 மீட்டரும் நுழையக் கூடாத நகரும் பகுதி.

கட்டுவது

இருவர் படகில் சண்டை வருவது இங்கேதான். நான்கு கயிற்றையும் ஒரே நேரத்தில் கட்ட முயல்வதே காரணம். ஒரே கயிறு போதும். படகின் நடுக் கொம்பில் (கயிறு சுற்றும் கட்டையில்) கட்டிய கயிற்றை, பான்டூனில் படகின் பின்பகுதிக்கு நேரான கொம்பில் சுற்றி இறுக்குங்கள். சுக்கான் சக்கரத்தைப் பான்டூனுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, எஞ்சினை மெதுவாக முன் கியரில் விடுங்கள். படகு பான்டூனோடு ஒட்டி அப்படியே நிற்கும். சக்கரத்துக்குப் பதில் டில்லர் (சுக்கான் தண்டு) உள்ள படகில் டில்லரைப் பான்டூன் பக்கம் தள்ள வேண்டும். மற்ற மூன்று கயிறுகளை அதன்பின் நிதானமாகக் கட்டலாம். கயிற்றோடு இருப்பவர் குதிக்கக் கூடாது, கால் வைத்து இறங்க முடியாத தூரமென்றால் சுற்றி வந்து மறுபடி நெருங்குங்கள். இலையுதிர் காலப் பான்டூன் பனியிலும் பாசியிலும் வழுக்கும்.

ஒவ்வொரு நாளும் கட்டி முடித்ததும், கிளம்பும்போது பயணத்தைப் பதிந்து வைக்கும் சேஃப்டிரக்ஸ் செயலியில் அன்றைய பயணத்தை முடித்துவிடுங்கள். விட்டுவிட்டால் குறித்த நேரம் கடந்ததும் உங்கள் அவசரத் தொடர்பாளருக்கு எச்சரிக்கை போகும், அவர் கடலோரக் காவலை அழைப்பார், மீட்புப் படகு உங்களைத் தேடிக் கிளம்பிவிடும். ஹாம்பிளில் கடைசி நாளன்று தொட்டியை நிரப்பி, பாய்களைக் காய்ந்த வேளை பார்த்து இறக்கி, எஞ்சின் சூடாக இருக்கும்போதே எண்ணெயை வடித்து மாற்றுங்கள். ஆறிய எண்ணெய் பம்பில் ஏறாது, கசடும் அடியில் தங்கிவிடும்.